சீஸ் வைத்த உருளைக்கிழங்கு உருண்டை: காக்டெயில் மாலைக்கு நேப்பிள்ஸ் பக்கத்துப் பலகாரம்

நண்பர்கள் வீட்டுக்கு வரும் மாலைகளில் நான் ஆசையாகச் செய்யும் பலகாரம் ஒன்று உண்டு. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கை உருட்டி, நடுவில் சீஸ் துண்டு வைத்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது. வெளியே மொறுமொறு, அடுத்து மெத்தென்ற கிழங்கு, கடைசியில் நூல் நூலாக இழுபடும் சீஸ். காக்டெயிலுக்குப் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை.

செய்முறை என்று பார்த்தால் நாலே வரிதான். ஆனாலும் பலர் வீட்டில் இது எண்ணெயில் வெடிக்கிறது, சீஸ் வெளியே ஒழுகிவிடுகிறது, அல்லது உருண்டை எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகிறது. இந்த மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றே: தண்ணீர். கிழங்கில் இருக்கும் தண்ணீர், சீஸில் இருக்கும் தண்ணீர், இரண்டையும் எண்ணெய் அடுப்பேறுவதற்கு முன்பே குறைத்துவிட்டால் இந்தப் பலகாரம் யாருக்கும் வரும். ஆகவே இந்தப் பதிவு முழுக்கத் தண்ணீரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் அது எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படி வெளியேற்றுவது என்று பார்ப்போம்.

நேப்பிள்ஸ் தெருவில்

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிர். ஸ்பானியர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. போன இடமெல்லாம் அதை மசித்து, உள்ளே எதையாவது வைத்துப் பொரிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. பெருவில் 'பாப்பா ரெயேனா' என்று கறி வைத்துச் செய்கிறார்கள். பார்சிலோனாவின் கடலோரப் பேட்டையான பார்சிலோனெட்டாவில் 'போம்பா' என்ற பெயரில் கறி வைத்து, மேலே காரச் சாறும் பூண்டு மயோனைஸும் ஊற்றித் தருகிறார்கள். 

என் மனம் நிற்பது இத்தாலியின் நேப்பிள்ஸில். அங்கே இதற்குப் பெயர் 'குரொக்கே'. விரல் நீளத்துக்கு உருளை வடிவில் பிடிப்பார்கள். நடுவில் புகையூட்டிய ப்ரோவொலா சீஸோ, பசும்பால் மொஸரெல்லாவோ இருக்கும். கிழங்கில் துருவிய பார்மெஸான் அல்லது பெகோரினோ, மிளகு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலை. அவ்வளவுதான், வேறு மசாலா கிடையாது. நேப்பிள்ஸில் பொரித்த பலகாரத்துக்கென்றே தனிக் கடைகள் உண்டு. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் சூடாகப் போட்டுக் கொடுப்பார்கள். பீட்ஸா கடைகளிலும் பீட்ஸா வரும்வரை கொறிக்க இதைத்தான் கேட்பார்கள். தெற்கே சிசிலியின் பலேர்மோவில் இதன் உறவினர் ஒருவர் இருக்கிறார்: 'கட்ஸில்லி'. அதற்குள் சீஸ் வைப்பதில்லை. கடலைமாவுப் பலகையான 'பனெல்லே'யோடு சேர்த்து ரொட்டிக்குள் அடைத்துச் சாப்பிடுகிறார்கள்.

நான் செய்வது குரொக்கேயின் அதே கலவை. வடிவம் மட்டும் உருண்டை. கையில் கோப்பையோடு நின்று பேசுகிறவருக்கு ஒரே வாயில், அதிகம் போனால் இரண்டு வாயில் முடிகிற அளவுதான் வசதி.

கிழங்கு

முதல் தண்ணீர் இங்கேதான். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். மாவுத்தன்மை அதிகமுள்ள முற்றிய கிழங்கில் நீர் குறைவு. வெந்ததும் பூவாக உதிரும். தோல் மெல்லியதாக, நகத்தால் சுரண்டினாலே உரியும் புதுக்கிழங்கு குருமாவுக்கு நல்லது, இதற்கு ஆகாது. ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் வாங்குங்கள். சிப்ஸ் போடுவதற்கென்று விற்கும் சிப்சோனா ரகமும் அருமையாக வரும். உலர்பொருள் அதிகமாக, சர்க்கரை குறைவாக இருக்கும்படி வளர்த்தெடுத்த ரகம் அது.

வாங்கி வந்த கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் கிழங்கிலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அப்படி இனித்துப்போன கிழங்கு எண்ணெயில் சீக்கிரம் கறுக்கும், சுவையும் கெடும். காற்றோட்டமான இருட்டு மூலை போதும்.

தோலோடு முழுசாக வேகவையுங்கள். நறுக்கி வேகவைத்தால் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். குக்கரில் வைப்பதானால் கிழங்கு நீரில் மூழ்காமல், தட்டின் மேல் ஆவியில் வேகட்டும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் போதும்; தோல் வெடிக்கும்வரை விடவேண்டாம்.

வெந்ததும் கைபொறுக்கும் சூட்டில் தோலுரித்து உடனே மசித்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போதுதான் ஆவி வெளியேறும். அந்த ஆவிதான் நமக்கு வேண்டாத தண்ணீர். இடியாப்ப உரலில் பிழிந்தால் மிக நன்றாக வரும். இத்தாலியர்கள் இதற்கென்று வைத்திருக்கும் கருவியும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது. மிக்ஸியில் மட்டும் போடவே போடாதீர்கள். மிக்ஸியின் கத்தி கிழங்கின் செல்களைக் கிழித்து, உள்ளே ஊறிப் பருத்திருக்கும் மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும். அப்புறம் அது பசைதான்.

மசித்ததை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். ஈரம் கூடுதலாகத் தெரிந்தால் அடிகனமான வாணலியில் போட்டு, எண்ணெய் விடாமல், சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். பாத்திரத்தின் அடியில் மெல்லிய ஏடு படியத் தொடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். முழுக்க ஆறிய பிறகு மாவுச்சத்து மீண்டும் இறுகும். அந்த இறுக்கம்தான் உருண்டைக்குப் பிடிப்பு. சூடான கிழங்கைப் பிடித்து உருட்டிவிட்டு, கையில் ஒட்டுகிறதே என்று மைதாவும் சோளமாவும் கொட்டிக் கொட்டிச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். ஆறவிட்டால் அந்த மாவுக்கு அவசியமே இல்லை. அதிகம் மாவு சேர்ந்த உருண்டையில் கிழங்கின் மணம் போய்விடும்.

சீஸ்

இரண்டாவது தண்ணீர் சீஸில். எல்லாச் சீஸும் இதற்கு உதவாது. நமக்கு வேண்டியது உருகவும் வேண்டும், நூலாக இழுபடவும் வேண்டும். மொஸரெல்லா, ப்ரோவொலா இரண்டும் அந்தக் குடும்பம். திரண்ட பாலைச் சுடுநீரில் போட்டு இழுத்து இழுத்துச் செய்வதால், அதன் புரதம் நாராக ஒரே திசையில் அடுக்கியிருக்கும். உருகும்போது நூல் வருவது அதனால்தான்.

பனீர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பனீர் உருகாது. கொதிக்கும் பாலில் புளிப்பு விட்டுத் திரிப்பதால் அதன் புரதம் சூட்டுக்கு இளகாத விதமாக இறுகிவிடுகிறது. பொரித்த உருண்டைக்குள் பனீர் துண்டு அப்படியே கிடக்கும். கடையில் சின்னச் சின்னக் கட்டியாக விற்கும் பிராசஸ்டு சீஸ் உருகும், ஆனால் நூல் வராது, கூழாக இருக்கும். குழந்தைகளுக்கு அது பிடிக்கிறது, தவறில்லை. எனக்கு மொஸரெல்லாதான்.

அதிலும் இரண்டு வகை. தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கும் வெள்ளை உருண்டை மொஸரெல்லா தக்காளியோடு பச்சையாகச் சாப்பிட அற்புதம். பொரிப்பதற்கு ஈரம் அதிகம். அதுதான் கைவசம் இருக்கிறது என்றால், முந்தின இரவே துண்டு போட்டு, வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜில் நீர் வடியவிடுங்கள். பீட்ஸாவுக்கென்று கட்டியாக விற்கும் ஈரம் குறைந்த மொஸரெல்லா என்றால் அந்த வேலை மிச்சம். துருவிய சீஸ் பாக்கெட் வாங்க வேண்டாம். துருவல் நடுவில் நிற்காமல் கிழங்கோடு கலந்துபோகும்.

ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி, காகிதத் துண்டில் ஒற்றி, அரைமணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிர்ந்த சீஸ் உருகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் வெளிப்பக்கம் பொன்னிறமாகிவிடும்.

அளவுகள்

சுமார் 30 உருண்டைக்கு, ஆறு பேர் தாராளமாகச் சாப்பிட:

- உருளைக்கிழங்கு 1 கிலோ
- மொஸரெல்லா 120 கிராம்
- துருவிய பார்மெஸான் 50 கிராம்
- முட்டை 3
- மைதா 50 கிராம்
- ரொட்டித்தூள் 200 கிராம்
- பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, ஜாதிக்காய் இரண்டு இழைப்பு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு கைப்பிடி
- உப்பு, பொரிக்கக் கடலை எண்ணெய்

பார்ஸ்லி கிடைக்காத ஊரில் கொத்தமல்லித் தண்டை நீக்கிவிட்டு இலையை மட்டும் போடலாம். மணம் வேறாக இருக்கும், நன்றாகவே இருக்கும். பார்மெஸான் உப்புக் கரிக்கும் சீஸ் என்பதால் கிழங்கில் உப்பைக் கை அடக்கிப் போடுங்கள். ஒரு விஷயம்: அசல் பார்மெஸான் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் திரிப்பது. சுத்த சைவக்காரர் விருந்துக்கு வருகிறார் என்றால் பச்சைப் புள்ளி போட்ட கெட்டியான செடார் வாங்கித் துருவிக்கொள்ளுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் மைதாவும் சோளமாவும் சம அளவு எடுத்து, தோசைமாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து அதில் முக்கலாம்.

பிடிப்பதும் புரட்டுவதும்

ஆறிய கிழங்கில் இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, பார்மெஸான், மிளகு, ஜாதிக்காய், பார்ஸ்லி, உப்பு சேர்த்து விரல் நுனியால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையாதீர்கள். கையை லேசாக நனைத்துக்கொண்டு, சின்ன எலுமிச்சை அளவு, சுமார் 30 கிராம் எடுத்துத் தட்டி, நடுவில் சீஸ் வைத்து மூடி உருட்டுங்கள். எல்லாப் பக்கமும் கிழங்கு ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்தால் சீஸ் அந்தப் பக்கம்தான் வழி தேடும். உருட்டி முடித்ததும் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

அடுத்து மூன்று தட்டு. முதல் தட்டில் மைதா. அது மேல் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாவதில் மிச்சமிருக்கும் இரண்டு வெள்ளைக் கருவும் ஒரு முழு முட்டையும் அடித்தது, அது ஒட்டும். மூன்றாவதில் ரொட்டித்தூள், அதுதான் மொறுமொறுப்பு. மைதாவை நன்றாகத் தட்டி உதறிவிடுங்கள், இல்லாவிட்டால் மேல் ஓடு கழன்று வரும். முதல் முறை புரட்டியபின் மறுபடி முட்டையில் முக்கி, மறுபடி தூளில் புரட்டுவது என் வழக்கம். இந்த இரட்டைப் போர்வை இருந்தால் சீஸ் ஒழுகும் பயம் இல்லை.

ரொட்டித்தூளுக்கு ரஸ்க்கைப் பொடிக்கலாமே என்று தோன்றும். நம் ஊர் ரஸ்க்கில் சர்க்கரை உண்டு. எண்ணெயில் விழுந்த வேகத்தில் கறுக்கும். ஒருநாள் பழைய சாதா பிரெட்டை வாணலியில் சிறு தீயில் உலர்த்தி, மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றினால் நல்ல தூள் கிடைக்கும்.

புரட்டிய உருண்டைகளை மூடாமல் ஃபிரிட்ஜில் ஒருமணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜின் வறண்ட காற்றில் மேல் ஓடு உலர்ந்து இறுகும். இதுவரைக்குமான வேலை எல்லாம் காலையிலேயே முடிக்கக்கூடியது. ஒரு வாரம் முன்பே செய்து, தட்டில் பரப்பி உறையவைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினாலும் கெடாது. விருந்து கொடுப்பவர் அடுப்படியிலேயே நின்றால் அது விருந்தாகாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பலகாரத்தை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணெய்

இத்தாலியிலும் பொரிக்கக் கடலை எண்ணெய்தான் பரவலாகப் பயன்படுகிறது. சுத்திகரித்த கடலை எண்ணெய் 200 டிகிரி செல்சியஸ் தாண்டியும் புகையாது. அதற்கென்று தூக்கலான வாசமும் கிடையாது. செக்கு எண்ணெயின் மணம் எனக்குப் பிடித்ததுதான், ஆனால் இந்தப் பலகாரத்தில் அது சீஸின் மணத்தை மூடிவிடுகிறது.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி வரை இருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி பொரிப்பவருக்கு அது பெரிய உதவி. இல்லாவிட்டால் ஒரு பிரெட் துண்டைப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரியான சூடு. 

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? உருண்டைக்குள் எல்லாம் ஏற்கெனவே வெந்தது. நமக்கு வேண்டியது மேல் ஓடு சிவப்பதும், நடுவில் சீஸ் உருகுவதும்தான். சீஸ் உருக 60, 65 டிகிரி போதும். எண்ணெய் மந்தமாக இருந்தால் ஓடு சிவக்க நேரமாகும். அந்த நேரத்தில் நடுப்பகுதி 100 டிகிரியை எட்டி, மிச்சமிருக்கும் நீர் ஆவியாகும். நீர் ஆவியானால் அதன் கொள்ளளவு ஆயிரத்து எழுநூறு மடங்கு பெருகும். அத்தனை ஆவிக்கு உருண்டைக்குள் ஏது இடம்? வெடிக்கத்தான் செய்யும். எண்ணெய் சரியான சூட்டில் இருந்தால் இரண்டு, இரண்டரை நிமிடத்தில் நிறம் வந்துவிடும், நடு கொதிக்காது.

அதனால் ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு உருண்டை போதும். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் சட்டென்று குளிர்ந்துவிடும். முதல் அரை நிமிடம் தொடாதீர்கள். ஓடு இறுகிய பிறகு ஜல்லிக்கரண்டியால் மெல்லத் திருப்புங்கள். ஃப்ரீசரிலிருந்து நேராகப் போடுவதானால் மட்டும் 165 டிகிரிக்குச் சூட்டைக் குறைத்து நாலு நிமிடம் கொடுங்கள். எடுத்ததைக் காகிதத்தில் ஒரு நொடி ஒற்றி, கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்திலேயே கிடந்தால் அடிப்பக்கம் ஆவியில் நமுத்துவிடும். சூடாக இருக்கும்போதே பொடி உப்பு ஒரு சிட்டிகை. இரண்டு நிமிடம் ஆறவிட்டே தட்டுக்கு அனுப்புங்கள். உருகிய சீஸ் நாக்கைச் சுட்டுவிடும்.

கோப்பையில் என்ன?

இத்தாலியில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்டக் குடிக்கும் வழக்கத்துக்கு 'அபெரிதீவோ' என்று பெயர். டூரினில் 1786இல் அந்தோனியோ கார்பானோ விற்கத் தொடங்கிய வெர்மூத், 1860இல் பிறந்த கம்பாரி, பதுவா நகரில் 1919இல் அறிமுகமான அபெரோல் என்று அதற்கென்றே மூலிகைக் கசப்பு மதுக்கள் வளர்ந்தன. அங்கே கோப்பை தனியாக வராது. ஆலிவ் காயோ, வறுவலோ, வெனிஸ் என்றால் ஒரு வாய் அளவுப் பலகாரங்களோ கூடவே வரும். கோப்பையும் தட்டும் சேர்ந்ததுதான் அந்த வழக்கம்.

பொரித்த உருண்டைக்கு இந்தக் கசப்பு மதுக்கள் ஏன் இவ்வளவு இசைகின்றன? உப்பு கசப்பை அடக்கும். பால் பிரெஸ்லினும் கேரி போஷாம்பும் 1997இல் 'நேச்சர்' இதழில் இதைச் சோதனையோடு காட்டினார்கள்: உப்பு சேர்ந்தால் கசப்பு தணிந்து, அதன் கீழே மறைந்திருக்கும் இனிப்பு மேலே வருகிறது. நெக்ரோனி ஒரு மடக்கு, உருண்டை ஒரு கடி, மறுபடி ஒரு மடக்கு என்று குடித்துப் பாருங்கள். இரண்டாவது மடக்கில் ஆரஞ்சு மணம் தெளிவாகத் தெரியும். அதேபோல சோடாவின் குமிழும் எலுமிச்சைப் புளிப்பும் நாக்கில் படிந்த எண்ணெயை வழித்தெடுக்கும். அடுத்த உருண்டைக்கு வாய் தயாராகிவிடும்.

என் வரிசை இது. ஜின், கம்பாரி, சிவப்பு வெர்மூத் மூன்றும் தலா 30 மில்லி சேர்ந்த நெக்ரோனி. மேலே ஆரஞ்சுத் தோல். அது கனம் என்று நினைப்பவருக்கு ஜின்னை விட்டுவிட்டுச் சோடா ஊற்றிய அமெரிக்கானோ. வெயில் காலத்துக்கு ப்ரொசெக்கோ மூன்று பங்கு, அபெரோல் இரண்டு பங்கு, சோடா ஒரு பங்கு சேர்ந்த ஸ்ப்ரிட்ஸ். ஜின் டானிக்கும் நன்றாகப் பொருந்தும். பாலேடும் சாக்லேட்டும் சேர்ந்த இனிப்புக் காக்டெயில்களை இதோடு வைக்காதீர்கள். கொழுப்பின் மேல் கொழுப்பாகித் திகட்டிவிடும்.

குடிக்காதவரும் விருந்தாளிதான். அவர் கையில் கோலா புட்டியைக் கொடுத்து ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. கசப்புள்ள டானிக் தண்ணீரில் ஐஸ், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுத் துண்டு போட்டு அதே அழகான கோப்பையில் கொடுங்கள். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் உப்பும் போட்ட சோடா இன்னும் அருமை. இந்த உருண்டைக்கு அது எந்தக் காக்டெயிலுக்கும் குறைந்ததில்லை.

முதலில் தட்டு

தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பார்கள். நேப்பிள்ஸில் எதுவும் தருவதில்லை, நானும் தருவதில்லை. நன்றாகச் செய்த உருண்டைக்குச் சாஸ் அவசியமில்லை. விருப்பமிருந்தால் பூண்டு தட்டிப் போட்டுச் சுண்டவைத்த தக்காளிச் சாறு கொஞ்சம் வையுங்கள். பாட்டில் கெட்சப் வேண்டாம்; அதன் இனிப்பு கோப்பையின் சுவையையும் கெடுக்கும்.

கடைசியாக ஒன்று. வெறும் வயிற்றில் குடித்தால் மது சீக்கிரம் சிறுகுடலுக்கு இறங்கி, வேகமாக இரத்தத்தில் ஏறும். வயிற்றில் உணவு, அதுவும் கொழுப்புள்ள உணவு இருந்தால் அது மெதுவாகவே இறங்கும். போதையின் உச்சமும் குறையும். ஆகவே முதல் ஈடு உருண்டை மேசைக்கு வந்த பிறகே முதல் கோப்பையை ஊற்றுங்கள். உணவு வேகத்தைக் குறைக்குமே தவிர, குடித்ததை இல்லாமல் ஆக்காது. இந்தியச் சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டியவர் வண்டி ஓட்டுவது குற்றம். ஒரு கோப்பை குடித்தவர் யாராக இருந்தாலும் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டு, வாடகை வண்டி பிடித்து அனுப்பிவையுங்கள். விருந்துக்கு அழைத்தவரின் பொறுப்பு, வந்தவர் பத்திரமாக வீடு போய்ச் சேரும்வரை நீள்கிறது.